மலையேறினால் ஸ்டார்ட் ஆகாத வண்டி

என் பைக்குக்கு வயது பதினாறு. கிக்கர் இல்லாத வண்டி. சாவியைத் திருப்பினால் மீட்டர் ஓரத்தில் ஒரு பச்சை விளக்கு எரியும். பிறகு வலது கைப் பக்கத்துப் பொத்தானை அழுத்தினால் எஞ்சின் எழும்பும். பச்சை விளக்கு எரியவில்லை என்றால் பொத்தானை அழுத்தி அழுத்திக் கட்டைவிரல் தேய்வதுதான் மிச்சம். இதை நான் செகண்ட் ஹேண்டில் வாங்கும்போதே என் கணவர் சொன்னார், காலால் உதைத்துக் கிளப்ப வழியில்லாத வண்டியை நம்பி மலைக்குப் போகாதே என்று. அவர் சொல்வது பெரும்பாலும் சரியாக இருக்கும். அதனாலேயே எனக்குக் கோபம் வரும்.

திருவனந்தபுரத்தில் ஒரு பாலியேட்டிவ் அமைப்பில் நான் நர்ஸ். இனி குணமாகாது என்று ஆஸ்பத்திரி அனுப்பிவிட்டவர்களை அவரவர் வீட்டிலேயே போய்ப் பார்ப்பது வேலை. புண்ணைக் கழுவிக் கட்டுவேன், மூத்திரக் குழாய் மாற்றுவேன், வலிக்கு மாத்திரை கொடுப்பேன், பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பேன். சனிக்கிழமை என் பங்குக்கு மலை. நெடுமங்காடு, விதுரை, கல்லாறு என்று போய், கல்லாற்றுப் பாலத்துக்கு அப்பால் வளைவு வளைவாக ஏறி, ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் மூன்று வீடுகள். முதலில் ஸ்கூட்டரில்தான் போய்க்கொண்டிருந்தேன். ஒருநாள் ஒன்பதாவது வளைவில் அது மூச்சு வாங்கி நின்றுவிட்டது. அதற்குப் பிறகுதான் இந்த பைக்.

நாங்கள் இருப்பது வலியசாலை அக்கிரகாரத்தில். ஐம்பதைத் தொடப்போகும் ஒருத்தி ஹெல்மெட் மாட்டிக்கொண்டு இவ்வளவு பெரிய வண்டியைத் தெருவில் ஓட்டி வந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. சுவாமி புறப்பாட்டுக்கு ஒதுங்குவது போல எல்லோரும் ஒதுங்குகிறார்கள் என்று எதிர்வீட்டு மாமி கேலி செய்வார். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைதான்.

பொறுமையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நோயாளிகளிடம் எனக்கு எவ்வளவு வேண்டுமானாலும் பொறுமை உண்டு. மற்றவர்களிடம் கிடையாது. வண்டி மற்றவர்களில் சேர்த்தி.

ஐப்பசி மழையில் சாவித்துவாரம் இறுகிவிட்டது. சாவி உள்ளே போகவே அடம்பிடித்தது. எங்கள் ஊரில் இதற்கெல்லாம் யாரும் யோசிப்பதில்லை. தலைக்கு என்ன எண்ணெயோ அதுதான் கதவுக் கீலுக்கும், தாழ்ப்பாளுக்கும், திண்டுக்கல் பூட்டுக்கும், தையல் மிஷினுக்கும். தேங்காய் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டேன். சாவி வெண்ணெயில் கத்தி போல இறங்கியது. எனக்கே என்னைப் பாராட்டத் தோன்றியது. அப்புறம் அது வாராந்திர வழக்கமாகிவிட்டது. வெள்ளிக்கிழமை தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்ளும் கையோடு, வாசலுக்குப் போய் வண்டிக்கும் இரண்டு சொட்டு. மறுநாள் மலைக்குப் போக வேண்டிய வண்டி அல்லவா, அதையும் கவனிக்க வேண்டாமா.

மலையில் முதல் வீடு ஓர் அக்காவினுடையது. முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். வயிற்றில் கட்டி. அவருடைய கணவர் அதே தோட்டத்தில் வாட்ச்மேன். இருவருக்கும் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். அவரை நான் அண்ணாச்சி என்பேன், அவர்கள் இருவரும் என்னை சிஸ்டர் என்பார்கள். பத்து வீடுகள் ஒட்டிக் கட்டிய லயத்தில் கடைசி வீடு அவர்களுடையது. அக்காவின் கட்டிலை அண்ணாச்சி வாசலோரம் நகர்த்திப் போட்டிருந்தார். படுத்தபடியே பார்த்தால் எதிரே தேயிலைச் சரிவு முழுவதும் தெரியும். யார் எந்த வரிசையில் நிற்கிறார்கள், யார் கையை வேகமாக ஓட்டுகிறார்கள், யார் கதை பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பதை அவர் படுக்கையில் இருந்தே சொல்வார். சூப்பர்வைசருக்குக் கூட அவ்வளவு தெரியாது.

அக்காவுக்கு மார்ஃபின் மாத்திரை. வாரா வாரம் வலி கூடியதால் அளவை மாற்ற வேண்டியிருந்தது. அதனால் ஒரு வாரத்துக்கு உள்ளதை மட்டும்தான் டாக்டர் கொடுத்தனுப்புவார். சனிக்கிழமை நான் போகாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்கு மாத்திரை இல்லை. விஷயம் இவ்வளவுதான்.

ஒவ்வொரு வீட்டிலும் நான் நுழைந்ததும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: நான் கொடுத்ததைத் தவிர வேற என்ன கொடுத்தீங்க? கேட்டே ஆக வேண்டும். ஏனென்றால் சொல்ல மாட்டார்கள். பச்சிலை, பஸ்பம், யாரோ கொடுத்த லேகியம் எல்லாம் உள்ளே போயிருக்கும், கேட்டால் ஒன்றுமில்லை என்பார்கள். புரட்டாசியில் அண்ணாச்சி எங்கிருந்தோ ஒரு வேரைக் கொண்டுவந்து கஷாயம் வைத்துக் கொடுத்து, அக்கா இரண்டு நாள் வாந்தி எடுத்தார். நான் அண்ணாச்சியைப் பிடித்து உலுக்கிவிட்டேன். நல்லது என்று நினைத்துச் செய்தேன் என்று அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நல்லது என்று நினைத்துச் செய்வதுதான், அண்ணாச்சி, ஆளைக் கொல்லும் என்றேன். அப்படி ஒரு வாய் எனக்கு.

நவம்பர் கடைசியில் மழை விட்டு மலையில் பனி இறங்க ஆரம்பித்தது. அந்தச் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அக்கா வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வெளியே வந்து சாவியைத் திருப்பினால் பச்சை விளக்கு எரியவில்லை. ஹார்ன் இல்லை. பொத்தானை அழுத்தினால் ஒரு முனகல் கூட இல்லை. லயத்து ஆட்கள் இரண்டு பேர் வந்து தள்ளிப் பார்த்தார்கள். கரண்டே இல்லாத வண்டியை எவ்வளவு தள்ளினாலும் அது சைக்கிள்தான்.

மற்ற இரண்டு வீடும் இன்னும் மேலே. நடந்து போகும் தூரமில்லை. வேறு வழியில்லாமல் வண்டியை நியூட்ரலில் போட்டு மலையிறங்கினேன். பனிக்குள் விளக்கும் இல்லை, ஹார்னும் இல்லை. அதனால் ஒவ்வொரு வளைவிலும் ஹோய் ஹோய் என்று கத்திக்கொண்டே போனேன். எதிரே வந்த ஒரு சுற்றுலா வேன் டிரைவர் என்னைப் பார்த்ததும் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுக் கும்பிட்டார். எதற்குக் கும்பிட்டார் என்று இன்றுவரை தெரியாது.

கல்லாற்றில் டீக்கடையை ஒட்டி ஒரு டூ வீலர் மெக்கானிக் இருக்கிறார். மலையாளி, நல்ல மனிதர். நான் போய்ச் சேரும்போது வெயில் நன்றாக ஏறியிருந்தது. அரை மணி நேரம் வண்டியை வெயிலில் நிறுத்திவிட்டுக் கையிலிருந்த வேலையை முடித்து வந்தார். சாவியைத் திருப்பினார். பச்சை விளக்கு எரிந்தது. பொத்தானைத் தொட்டதும் வண்டி எழும்பியது. பல் டாக்டர் வீட்டுப் படி ஏறியதும் பல்வலி போய்விடுமே, அப்படி. சேச்சி சாவியைச் சரியாகத் திருப்பியிருக்க மாட்டீர்கள் என்றார். எனக்கு வந்த கோபத்தில் டீ கூடக் குடிக்காமல், அந்த வண்டியில் மறுபடி மேலே ஏறவும் துணியாமல், ஊருக்குக் கிளம்பிவிட்டேன்.

ஊரில் கரமனையில் நான் வழக்கமாக விடும் ஒர்க்‌ஷாப்பில் சொன்னேன். அவர் ஒரு சின்ன பல்பில் இரண்டு வயரை மாட்டிக்கொண்டு, பேட்டரியில் ஆரம்பித்து ஃப்யூஸ், சாவி ஸ்விட்ச், ரிலே, ஸ்டார்ட்டர் மோட்டார் என்று ஒவ்வோர் இடமாகத் தொட்டுப் பார்த்தார். தொட்ட இடமெல்லாம் பல்பு எரிந்தது. பேட்டரி முனைகளில் பூத்திருந்த வெள்ளையைச் சுரண்டி, ஃப்யூஸை மாற்றிக் கொடுத்தார். வாரம் முழுவதும் வண்டி ஒரு குறையும் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை அக்கா வீட்டு வாசலில் மறுபடியும் செத்தது.

பேட்டரி பழசு என்றார், புதிதாகப் போட்டோம். அதற்கடுத்த சனிக்கிழமையும் செத்தது. ரிலேயை மாற்றினார், கறுப்பு டேப்பைப் பிரித்து வயர் வயராகப் பார்த்தார், இரண்டு நாள் தன்னிடமே வைத்திருந்து நூறு தடவை ஸ்டார்ட் செய்து பார்த்தார். நூறு தடவையும் ஸ்டார்ட் ஆனது. அவரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்க ஆரம்பித்தார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று அவர் மலையாளத்தில் நினைத்திருப்பார். வண்டிக்கு மலை ஏறினால் தலைசுற்றுகிறது போல என்றார் என் கணவர். நான் சிரிக்கவில்லை. என்னால் முடிந்தது, சாவித்துவாரத்துக்கு இரண்டு சொட்டுக்குப் பதிலாக நான்கு சொட்டு விட்டேன்.

சிரிக்க முடியாததற்குக் காரணம் இருந்தது. மூன்றாவது தடவை வண்டி நின்றபோது மேல் வீட்டுக்கு நான் போகவில்லை அல்லவா, அங்கே இருந்த பெரியவருக்கு மூத்திரக் குழாய் அடைத்துக்கொண்டுவிட்டது. மத்தியானம்வரை அவர் துடித்திருக்கிறார். பிறகு தோட்டத்து ஜீப்பில் தூக்கிப் போட்டுக் கீழே கொண்டு போயிருக்கிறார்கள். திங்கட்கிழமை எங்கள் டாக்டர் என்னைக் கூப்பிட்டார். திட்டவில்லை, அதுதான் வலித்தது. அமைப்பின் ஜீப் மாதத்துக்கு ஒரு தடவைதான் அந்தப் பக்கம் போக முடியும், பாக்கி நாளுக்கு என் வண்டியை நம்பித்தான் அந்த மூன்று வீடும் இருக்கிறது, இன்னொரு சனிக்கிழமை இப்படி ஆனால் மலை வீடுகளை நிறுத்திக்கொள்வோம், அந்த அக்காவைக் கீழே வார்டில் சேர்த்துவிடலாம், வலியாவது நம் கட்டுக்குள் இருக்கும் என்றார். டாக்டர் மேல் ஒரு தப்பும் இல்லை. நான் அவர் நாற்காலியில் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

ஆனால் அக்கா ஏற்கெனவே ஒரு தடவை பத்து நாள் வார்டில் இருந்துவிட்டு வந்தவர். டாக்டர் சொன்னதை நான் அவரிடம் மறைக்கவில்லை. மறைத்து எனக்குப் பழக்கமில்லை. அடுத்த சனிக்கிழமை மாத்திரையை எண்ணிக் கொடுத்துக்கொண்டே சொன்னேன். அவர் தலையைச் சரிவுப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"கீழ கொண்டு போயிராதீங்க சிஸ்டர்," என்றார். "அங்க சன்னலத் தெறந்தா எதுத்தாப்புல செவருதான் இருக்கு."

வாக்குக் கொடுக்கும் தைரியம் எனக்கு வரவில்லை. வெளியே போய், வண்டி முன்னால் நின்று, எங்கள் தெருப் பிள்ளையாரை நினைத்துக்கொண்டு சாவியைத் திருப்பினேன். விளக்கு எரியவில்லை.

மணி ஒன்பது இருக்கும். பனி அசையாமல் நின்றது. சீட்டைக் கழற்றினேன். அந்த ஒரு மாதத்தில் பாதி மெக்கானிக் ஆகியிருந்தேன், கரமனை ஒர்க்‌ஷாப்காரர் ஒரு பல்பும் வயரும் எனக்கும் செய்து கொடுத்திருந்தார். பேட்டரியில் வைத்தேன், எரிந்தது. ஃப்யூஸின் இந்தப் பக்கம் எரிந்தது, அந்தப் பக்கமும் எரிந்தது. அதற்கு மேல் வயர் சாவி ஸ்விட்ச்சுக்குள் போகிறது. உள்ளே போகும் வயரில் பல்பு எரிந்தது. வெளியே வரும் வயரில் எரியவில்லை. நான்கு தடவை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். கரண்ட் சாவி ஸ்விட்ச்சுக்குள் போய் அங்கேயே நின்றுவிடுகிறது. ஆனால் இதே ஸ்விட்ச்சில் கரமனையில் பல்பு எரிந்ததை என் கண்ணால் பார்த்திருந்தேன். சாவி வழுக்கிக்கொண்டு திரும்பியது, அதில் குறையே இல்லை. எனக்கு அழுகை வந்தது. வண்டிச் சக்கரத்தில் ஓர் உதை விட்டுவிட்டு உள்ளே வந்து அக்காவின் கட்டில் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

மாத்திரை பிடித்திருந்ததால் அக்கா தெளிவாக இருந்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு தலையைச் சீவிவிடச் சொன்னார். அண்ணாச்சி சன்னல் மாடத்திலிருந்து எண்ணெய் பாட்டிலை எடுத்தார். பாட்டிலுக்குள் எண்ணெய் வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு போல உறைந்திருந்தது. அவர் அதைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, தினமும் செய்கிறவர் போல அடுப்பிலிருந்த வெந்நீர்ப் பாத்திரத்தில் இறக்கி வைத்தார். நான் அதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். பார்த்துக்கொண்டே அக்காவிடம் வண்டியைப் பற்றிப் புலம்பினேன். பேட்டரி புதிசு, ரிலே புதிசு, வயர் எல்லாம் பார்த்தாகிவிட்டது, யார் கண் பட்டதோ தெரியவில்லை, நான் ஒரு குறையும் வைக்கவில்லை அக்கா என்றேன்.

அக்கா எல்லாவற்றையும் கேட்டார். பிறகு நிதானமாக, நான் ஒவ்வொரு வாரமும் அவர் வீட்டில் கேட்கும் அதே குரலில் கேட்டார்.

"வண்டிக்கு வேற எதும் குடுத்தீங்களா சிஸ்டர்?"

ஒன்றுமில்லை என்றேன். எல்லா வீட்டிலும் சொல்வார்களே, அதே வேகத்தில் சொன்னேன். சொல்லி முடிக்கும்போதே என் விரல் நுனியில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தது. சாவியிலிருந்து ஒட்டியது.

"எண்ணெய் விட்டேன்," என்றேன். "சாவித்துவாரத்துல."

"என்ன எண்ணெ?"

வெந்நீரில் நின்ற பாட்டிலைப் பார்த்தேன். அக்காவும் பார்த்தார், அண்ணாச்சியும் பார்த்தார். முதலில் அக்காதான் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிறது, வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே சிரித்தார். அந்த வீட்டுக்குள் நான் நுழைந்த நாளிலிருந்து அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவதென்றால் இதுதான். பிறந்ததிலிருந்து தலைக்குத் தேய்க்கிற எண்ணெய், குளிரில் உறையும் என்று எனக்குத் தெரியாதா. ஆனால் எங்கள் ஊரில் அது வருஷம் முழுக்கத் தண்ணீராகவே கிடக்கும், மார்கழி விடியலில் எப்போதாவது பாட்டிலின் அடியில் லேசாக மங்கும், அவ்வளவுதான். உறைந்த எண்ணெயை நினைக்க எனக்கு அவசியமே வந்ததில்லை. கீழே சூட்டில் சாவி ஸ்விட்ச் வேலை செய்யும். மலைக்கு வந்து நிறுத்தி, சாவியை அணைத்து, ஒரு மணி நேரம் பனியில் விட்டால் உள்ளே எண்ணெய் கட்டியாகிவிடும், கரண்டைச் சேர்க்க வேண்டிய பித்தளைத் துண்டு எழும்ப முடியாமல் அப்படியே மாட்டிக்கொள்ளும். கல்லாற்றுக்கு இறங்கி வெயிலில் நின்றால் இளகிவிடும். நானோ ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இன்னும் கொஞ்சம் ஊற்றி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

மெக்கானிக்குகள் யாரிடமும் எண்ணெய் விட்டதை நான் சொல்லவே இல்லை. மறைத்தேன் என்றில்லை. காலையில் பல் தேய்த்ததை யாராவது டாக்டரிடம் சொல்வார்களா. அன்றைக்குத்தான் அண்ணாச்சியை நான் திட்டிய திட்டு எனக்கு ஞாபகம் வந்தது. நல்லது என்று நினைத்துத்தான் நானும் செய்தேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் கேட்காதது போல வெந்நீர்ப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

என் பையிலிருந்த துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து சாவித்துவாரத்தைச் சுற்றிக் கட்டினேன். ஆறினதும் எடுத்து மறுபடி நனைத்துக் கட்டினேன். வீங்கின காலுக்கு ஒத்தடம் கொடுப்பது எனக்குப் புதிதில்லை, வண்டிக்குக் கொடுப்பது முதல் தடவை. நான்காவது தடவை துணியை எடுத்துவிட்டுச் சாவியைத் திருப்பினேன். பச்சை விளக்கு எரிந்தது. எஞ்சின் சத்தம் கேட்டதும் உள்ளேயிருந்து அக்கா என்னவோ சொன்னார். என்ன என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். வண்டிக்கும் பத்தியம் சொல்லிவிட்டுப் போகச் சொல்கிறாள் என்றார்.

அன்றைக்கு மேல் வீடுகள் இரண்டுக்கும் போனேன். இறங்கி வரும்போது கல்லாற்று மெக்கானிக்கிடம் சொன்னேன். அவர் சாவி ஸ்விட்ச்சைக் கழற்றி, பெட்ரோலில் அலசி, உள்ளே இருந்த அழுக்கெண்ணெயை ஒரு குச்சியில் எடுத்து எனக்குக் காட்டினார். பென்சில் கரியைப் பொடித்துச் சாவி நுழையும் ஓட்டையில் மட்டும் தூவி, இனி இதுதான், வேறு எதுவும் கூடாது என்றார். சாவியைச் சரியாகத் திருப்பவில்லை என்று முதல் நாள் சொன்னதற்கு அவராகவே வருத்தம் தெரிவித்தார். இந்தத் தடவை டீ குடித்தேன். திங்கட்கிழமை டாக்டரிடம் நடந்ததைச் சொன்னபோது அவர் சிரித்துக்கொண்டே சனிக்கிழமைப் பட்டியலில் அந்த மூன்று வீட்டையும் மறுபடி எழுதினார். அக்கா கீழே போக வேண்டியதில்லை. எத்தனையோ பேருக்கு எத்தனையோ செய்திகளைக் கொண்டு போயிருக்கிறேன். அவ்வளவு சந்தோஷமாகக் கொண்டு போனது அது ஒன்றுதான்.

அதன் பிறகு ஒரு வழக்கம் தானாக உண்டானது. நான் வந்து நிறுத்தியதும் அண்ணாச்சி உறைந்த பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே வருவார். மலையேறி வந்த எஞ்சின் கொதித்துக்கொண்டிருக்கும். அதன் மேல் ஒரு பழைய துணியை மடித்துப் போட்டுப் பாட்டிலை வைப்பார். அடுப்பு மூட்டும் வேலை மிச்சம் என்பார். நான் மாத்திரை கொடுத்து, புண்ணைப் பார்த்து முடிப்பதற்குள் எண்ணெய் இளகியிருக்கும். அதை அக்காவின் தலையில் வைத்துச் சீவிவிடுவேன். முடி கொஞ்சம்தான் இருந்தது. இருந்தாலும் மெதுவாகச் சீவுவேன். கேள்வியை மட்டும் அவர் விடவில்லை. நான் வேற என்ன கொடுத்தீங்க என்று கேட்டதும், வண்டிக்கு என்ன கொடுத்தீங்க என்று அவர் திருப்பிக் கேட்பார்.

தை முழுவதும் அப்படிப் போனது. மாசியில் அக்கா சாப்பிடுவதை நிறுத்தினார். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் தனியாக ஒரு நடை போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வலி இல்லை. கண்ணைத் திறந்தபோதெல்லாம் வாசல் பக்கம்தான் பார்த்தார். சரிவில் ஆட்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். ரெண்டாம் வரிசையில யாரு என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அண்ணாச்சி எட்டிப் பார்த்துச் சொன்னார்.

மறுநாள் விடியும்போது போன் வந்தது. சனிக்கிழமைதான், எப்படியும் போக வேண்டிய நாள். பொத்தானைத் தொட்டதும் வண்டி எழும்பியது. வழியில் எங்கும் நிற்கவில்லை.

லயத்துப் பெண்கள் அக்காவைக் குளிப்பாட்டத் தயாராக இருந்தார்கள். அதற்கு முன்னால் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து தலையில் எண்ணெயும் சீயக்காயும் வைப்பது அவர்கள் வழக்கம். நான் வண்டியை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றினேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அண்ணாச்சி வந்தார். கையில் பாட்டில், வெள்ளையாக உறைந்திருந்தது. துணியை மடித்து எஞ்சின் மேல் போட்டுப் பாட்டிலை வைத்தார். வீட்டுக்குள் பத்துப் பேர் இருந்தார்கள், அடுப்பும் எரிந்துகொண்டிருந்தது. எண்ணெய் இளகும்வரை இருவரும் வண்டி பக்கத்திலேயே நின்றோம்.

எல்லோரும் வைத்து முடித்த பிறகு பாட்டிலை என்னிடம் நீட்டினார்.

"நீங்களும் வைங்க சிஸ்டர்."

நான் சொந்தமில்லை, அவர்கள் ஆளும் இல்லை. உள்ளங்கையில் வாங்கினேன். எண்ணெய் இளஞ்சூடாக இருந்தது. அக்காவின் தலை நன்றாகக் குளிர்ந்திருந்தது. எண்ணெய் அங்கேயே உறைந்துவிடும் என்று எனக்குத் தெரியும். அதற்குள் நெற்றியிலிருந்து பிடரிவரை, எல்லாச் சனிக்கிழமையும் போல மெதுவாகத் தேய்த்துவிட்டு, காதருகில் குனிந்து நன்றி அக்கா என்றேன்.